வழு சொன்னவன் தலையில்தான் வேலை

மக்களே, ஒரகடம் பக்கம் இன்பிளான்ட் டிரெயினிங் போய்விட்டு வந்த நம் சீனியர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கேன்டீன் சாப்பாடு, கம்பெனி பஸ், ஷூவுக்குள் வெந்த கால் எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒரு கயிற்றைப் பற்றிச் சொல்வார்கள். கார் அசெம்பிளி லைனில் நிற்பவரின் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கயிறு தொங்கும், இல்லாவிட்டால் ஒரு பொத்தான் இருக்கும். போல்ட் சரியாக ஏறவில்லை, கதவு ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று பட்டால் இழுக்க வேண்டியதுதான். தலைக்கு மேலே பலகையில் விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார். அவரால் அந்த இடத்திலேயே சரிசெய்ய முடியவில்லை என்றால் லைன் நிற்கும். இதற்கு 'ஆண்டான்' என்று பெயர். ஜப்பான் மொழியில் விளக்கு என்று பொருள். டொயோட்டா தொடங்கி வைத்து உலகத்துக் கார் ஆலைகளுக்கெல்லாம் பரவிய ஏற்பாடு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இழுத்தவரைப் பார்த்து யாரும் "நீங்கள் ஒரு தடவை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்ப வாருங்கள், சரியாகிவிடும்" என்று சொல்வதில்லை.

சாஃப்ட்வேரில் அதைத்தான் சொல்கிறார்கள். "ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்."

தயாரித்து முடித்து, விற்று, வண்டி நம் வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் கார்க்காரனுக்குக் காது இருக்கிறது. ராயல் என்ஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலை வைத்திருக்கிற நம் பக்கத்து வீட்டுக்காரர். 2021 மே மாதம் அவர்கள் 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். மீட்டியார், கிளாசிக், புல்லட் மூன்றிலும் போட்டிருந்த இக்னிஷன் காயிலில் ஒரு குறை. எஞ்சின் இடறலாம், அபூர்வமாக ஷார்ட் சர்க்யூட் ஆகலாம். மாற்ற வேண்டியிருப்பது 10 சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளில்தான் என்று கம்பெனியே கணித்திருந்தது. இருந்தும் எல்லா வண்டியையும் கூப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். அவர்கள் மகாத்மாக்கள் என்று சொல்ல வரவில்லை. சட்டம் பின்னால் நிற்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 2021 ஏப்ரல் 1 முதல், குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டிப் புகார் வந்தால் வண்டியைத் திரும்ப அழைக்கச் சொல்லி அரசே உத்தரவு போடலாம். 10 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதமும் உண்டு. கேட்காவிட்டால் பணம் போகும். அதனால் கேட்கிறார்கள்.

இப்போது கொஞ்சம் மேற்கே வாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டிச் சுங்குவார்சத்திரம். 2006-ல் தொடங்கி 2014 நவம்பரில் மூடும்வரை நோக்கியா இந்த வட்டாரத்தில்தான் போன் செய்தது. இன்றைக்கு ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது. ஐபோன் 14-ஐ இந்தியாவில் செய்கிறோம் என்று ஆப்பிள் 2022 செப்டம்பரில் அறிவித்ததும் நம்மூர் டீக்கடையில்கூட அதுதான் பேச்சு. அந்த போனுக்குள் திருகு சரியாக இருக்கிறதா, கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க எத்தனையோ ஜோடிக் கண்கள். ஆனால் எந்தக் கம்பெனி போனாகவும் இருக்கட்டும், அதற்குள் ஓடுகிற சாஃப்ட்வேரில் ஒரு வழு என்று நீங்களும் நானும் சொல்லப் போனால், இழுக்க ஒரு கயிறு கிடையாது. கயிறு மாதிரி ஒன்றைத் தொங்க விட்டிருப்பார்கள். இழுத்தால் கையோடு வந்துவிடும்.

சொந்த அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. பெரிய கம்பெனி, அது போதும். எது என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள்.

என் சித்தி சுங்குவார்சத்திரத்தில் மெஸ் நடத்துகிறார். மாடியில் ஆறு அறை. திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சியிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் தங்கியிருக்கிறார்கள். யார் எந்த ஊர், அப்பா நம்பர் என்ன, ஷிஃப்ட் என்ன என்பதெல்லாம் சித்தியின் போனில் தமிழில் இருக்கிறது. பாதி அவரே அடித்தது, பாதி அந்தப் பெண்கள் அனுப்பிச் சேமித்தது. ஒருநாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதிக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், வீட்டுக்குச் சொல்ல வேண்டும். அவள் பெயர் 'ஸ்ரீ' என்று தொடங்குவது. சித்தி ஸ்ரீ என்று அடித்துத் தேடுகிறார். மூன்று பேர் வருகிறார்கள், இவளைக் காணோம். முழுப் பெயரும் அடித்தார், 'யாரும் இல்லை' என்றது போன். கடைசியில் முந்நூற்றுச் சொச்சம் பெயரை விரலால் தள்ளித் தள்ளித் தேடிக் கண்டுபிடித்தார். அங்கேயேதான் இருந்தாள், அதே பெயரில், அதே எழுத்தில்.

"டேய், இந்தப் போன்ல என்னமோ கோளாறுடா. கண்ணு முன்னாடி இருக்கிற பேரை இல்லைங்குது" என்றார் சித்தி அடுத்த நாள் காலையில். எனக்கு அரை மணி நேரத்தில் விஷயம் பிடிபட்டுவிட்டது. தமிழ்க் கம்ப்யூட்டிங் பக்கம் கொஞ்சம் சுற்றித் திரிந்தவர்களுக்கு இது பழைய கதை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

யூனிக்கோடில் 'ஸ்ரீ' என்பது ஓர் எழுத்து இல்லை, ஒரு கோர்வை. ஆரம்பத்தில் ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று கோத்தால் ஸ்ரீ வரும் என்று வைத்திருந்தார்கள். 2005-ல் யூனிக்கோடு 4.1 வந்தபோது 'ஶ' என்ற கிரந்த எழுத்தைப் புதிதாகச் சேர்த்தார்கள். சேர்த்ததும், ஸ்ரீக்குச் சரியான கோர்வை இனி ஸ-வில் தொடங்காது, ஶ-வில் தொடங்கும் என்று ஆனது. பழைய போன், பழைய கீபோர்டு, பழைய கோப்பு எல்லாம் ஸ-விலேயே நின்றன. புதியதில் பல ஶ-வுக்குப் போயின. எழுத்துரு ஒழுங்காக இருந்தால் திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. பாருங்கள்: ஸ்ரீபெரும்புதூர், ஶ்ரீபெரும்புதூர். கண்ணுக்கு ஒரே ஊர், கம்ப்யூட்டருக்கு இரண்டு ஊர். ஒன்றைத் தேடினால் இன்னொன்று வராது. உலகத்துக்கே போன் செய்து அனுப்புகிற ஊரின் பெயரையே ஒரு போன் இரண்டாக எண்ணிக்கொண்டிருக்கிறது என்றால் சிரிப்பதா அழுவதா?

(நம் தமிழாசிரியர் 'திருப்பெரும்புதூர்' என்றுதான் எழுத வேண்டும் என்று முட்டிக்கு முட்டி தட்டியது தனித்தமிழ்ப் பற்று என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மனிதர் வழுவுக்கு மாற்றுவழி சொல்லியிருக்கிறார்! :-) )

இதைத் தீர்ப்பது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்துக்கு ஓர் எண், சின்ன எழுத்துக்கு வேறு எண். ஆனாலும் தேடும்போது இரண்டையும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். 'ரவி' என்பதைச் சின்ன எழுத்தில் அடித்தால் ரவி வர மாட்டான் என்று ஒரு போன் சொன்னால் அதை யாராவது வாங்குவார்களா? ஸ்ரீக்கும் அதே வேலைதான், சில வரி நிரல். இரண்டு கோர்வையும் புழக்கத்தில் இருக்கின்றன, இரண்டையும் ஒன்றாகவே நடத்துங்கள் என்று யூனிக்கோடு தரநூலே பரிந்துரைக்கிறது. நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நோய் தெரியும், மருந்து தெரியும், மருந்துச் சீட்டும் அச்சில் இருக்கிறது. அதை மருந்துக்கடைக்காரரிடம் கொண்டுபோய் நீட்டுவது மட்டும்தான் பாக்கி.

நீட்டினேன்.

முதலில் படிவம். 'எதில் பிரச்சினை?' என்று ஒரு பட்டியல். பேட்டரி, திரை, கேமரா, நெட்வொர்க், மற்றவை. மொழி என்று ஒன்று கிடையாது. எட்டு கோடிக்குப் பக்கத்தில் பேசுகிற ஒரு மொழி 'மற்றவை'க்குள் போய் உட்கார வேண்டும். தமிழ் வழுவைத் தமிழில் எழுதவும் முடியாது, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். எழுதினேன். எந்த மாடல், எந்தப் பதிப்பு, எந்த இரண்டு கோர்வை, செய்து பார்க்கப் படிப்படியாக வழி, எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன, தரநூலில் எந்த அத்தியாயம் என்பதுவரை. ஆய்வக ரெக்கார்டு நோட்டைக்கூட நான் அவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை. உடனே பதில் வந்தது. 'உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்', கூடவே ஒரு நீளமான எண்.

மூன்றாம் நாள்: ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆறாம் நாள்: அப்டேட் செய்து பாருங்கள். பதினோராம் நாள்: ஃபேக்டரி ரீசெட் செய்து பாருங்கள். அதாவது சித்தி தன் முந்நூற்றுச் சொச்சம் பெயரையும் அழித்துவிட்டு, ஒரு பெயர் ஏன் வரவில்லை என்று பார்க்க வேண்டும். அடுத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், வேறு பெயர். முந்தைய கடிதத்தை யாரும் படித்த தடயமே இல்லை. தாலுகா ஆபீசில்கூட முதல் மனுவின் மேல் ஒரு சீல் இருக்கும்.

மூன்று வாரம் கழித்து உச்சகட்டம். 'நீங்கள் சொன்ன பிரச்சினை எங்கள் சோதனையில் வரவில்லை.' எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டேன். அந்த மனிதர், பாவம், நேர்மையாகச் சொல்லிவிட்டார். போனில் ஸ்ரீ என்று ஒரு பெயரைச் சேமித்தாராம், அதே போனில் ஸ்ரீ என்று தேடினாராம், வந்ததாம். வராமல்? ஒரே கீபோர்டில் இரண்டு தடவை அடித்தால் ஒரே கோர்வைதானே வரும்! சாவி பூட்டைத் திறக்கவில்லை என்று புகார் சொன்னால், அவர் வீட்டுச் சாவியால் அவர் வீட்டுப் பூட்டைத் திறந்து பார்த்துவிட்டு 'நன்றாகத்தானே திறக்கிறது' என்கிற மாதிரி. இரண்டு கோர்வையும் என் முதல் கடிதத்திலேயே இருந்தன. வெட்டி ஒட்டினால் போதும். விளக்கி மறுபடி எழுதினேன். 'பதினான்கு நாட்களாக நடவடிக்கை இல்லாததால் இந்தக் கோரிக்கை மூடப்பட்டது' என்று வந்தது. நடவடிக்கை எடுக்க வேண்டியது யார்? அதோடு ஒரு கேள்வியும் வந்தது: 'எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

இங்கே நண்பன் ஒருவன் வழக்கமாக ஒரு வாதம் வைப்பான். "டேய், கோடிக்கணக்கான பேர் பயன்படுத்துகிற சாதனம். ஒரு நாளைக்கு லட்சம் புகார் வரும், அதில் முக்கால்வாசி குப்பை. 'போன் ஸ்லோ', 'வேலை செய்யலை' என்று இரண்டே வார்த்தையில் எழுதுகிறவன்தான் அதிகம். எல்லாருக்கும் பதில் சொல்ல முடியுமா?" நியாயமான வாதம்தான். வந்ததைப் பிரித்து, ஒரே மாதிரியானதைச் சேர்த்து, எது அவசரம் என்று முடிவு செய்வது உண்மையிலேயே தலைவலி பிடித்த வேலை. திறந்தமூலக்காரர்கள் மட்டும் என்ன வாழ்கிறது? ஃபயர்ஃபாக்ஸில் 2002-ல் ஒருவர் பதிந்த ஒரு டூல்டிப் வழு 2023-ல்தான் தீர்ந்தது. இருபத்தோரு வருஷம். அந்த வழுவுக்குக் கல்யாண வயசே வந்துவிட்டது.

ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். அந்த இருபத்தோரு வருஷமும் அது எல்லார் கண்ணிலும் பட்டது. யார் எப்போது சொன்னார், யார் என்ன பதில் சொன்னார், ஏன் தள்ளிப்போனது எல்லாம் பொதுவில் கிடந்தது. அதே தொல்லை உள்ள இன்னொருவர் வந்து 'எனக்கும்' என்று ஒரு வரி சேர்க்க முடிந்தது. கடைசியில் யாரோ ஒருவர் எடுத்துச் சரிசெய்யவும் முடிந்தது. பெரிய விற்பனைக் கம்பெனியின் பெட்டியிலோ, நீங்கள் போட்டது உங்களுக்கும் அவர்களுக்கும் மட்டும்தான் தெரியும். அதே குறையைத் திருச்சியில் ஒருவர், டொரண்டோவில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர் எழுதியிருக்கலாம். மூன்று பேரும் தன் ஒருத்தன் போனில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு ரீஸ்டார்ட் செய்துகொண்டிருப்பார்கள். ஆப்பிள் மென்பொருள் உருவாக்குநர்களே இந்த இருட்டு தாங்காமல், ஆப்பிளுக்கு அனுப்பிய வழு அறிக்கைகளின் நகலைப் பொதுவில் ஒட்டி வைக்க 2008 வாக்கில் 'ஓப்பன் ரேடார்' என்று தனியாக ஒரு தளம் தொடங்க வேண்டியதாயிற்று. எண்ணிக்கை அதிகம் என்பது தாமதத்துக்குக் காரணமாகலாம். மூடி வைப்பதற்கு அது எப்படிக் காரணமாகும்?

சரி, மூடாமல் எல்லாருக்கும் காட்டி ஓட்டு வாங்கினால்? மைக்ரோசாஃப்ட் அதைச் செய்தது. விண்டோஸில் 'ஃபீட்பேக் ஹப்' என்று ஒன்று உண்டு. வழுவைப் பதியலாம், மற்றவர்கள் அதற்கு ஓட்டுப் போடலாம், ஓட்டு அதிகம் வாங்கியது மேலே வரும். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-இன் பெரிய அப்டேட் ஒன்று வெளியானது, 1809 என்று எண். அப்டேட் செய்த சிலருக்கு ஆவணங்கள், படங்கள் எல்லாம் மாயம். சில நாட்களிலேயே விநியோகத்தை நிறுத்தினார்கள். பிறகு தேடிப் பார்த்தால், வெளியீட்டுக்கு முன்பே சோதனையாளர்கள் சிலர் இதே கோப்பு அழிவை ஃபீட்பேக் ஹப்பில் பதிந்திருந்தார்கள். ஓட்டு விழாததால் அடியில் கிடந்தது. அதற்குப் பிறகுதான் 'பாதிப்பு எவ்வளவு கடுமை' என்று குறிப்பிட ஒரு வசதியைச் சேர்த்தார்கள். கோப்பு போன ஆங்கிலக்காரனுக்கே ஓட்டு விழவில்லை. ஸ்ரீயைக் காணோம் என்று அழுகிற சித்திக்கு எத்தனை விழும்? சித்திக்கு அப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஓட்டுமுறை வைத்தால் கூட்டமும் மொழியும் உள்ளவன்தான் ஜெயிப்பான். ஊராட்சித் தேர்தல் பார்த்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் எப்போதுதான் காது திறக்கிறது? நான் பார்த்தவரை இரண்டே நேரத்தில். ஊரே சிரிக்கும்போது, அல்லது பாதுகாப்பு ஓட்டை என்று தெரியும்போது.

ஊர் சிரித்ததற்கு ஓர் உதாரணம். 2019 ஜனவரியில் அமெரிக்காவின் அரிசோனாவில் 14 வயதுப் பையன் ஒருவன், குழு ஃபேஸ்டைம் அழைப்பில் எதிராளி எடுப்பதற்கு முன்பே அவர் பேசுவது கேட்கிறது என்று கண்டுபிடித்தான். அவன் அம்மா ஒரு வக்கீல். ட்விட்டர், ஃபேஸ்புக், மின்னஞ்சல், தொலைபேசி, ஃபேக்ஸ் என்று ஒரு வழி விடாமல் ஆப்பிளுக்குச் சொல்லிப் பார்த்தார். வழுவைப் பதிய வேண்டுமானால் டெவலப்பராகப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்றார்கள். உலகத்திலேயே பணக்காரக் கம்பெனிகளில் ஒன்று, அவர்கள் வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது என்று சொல்ல வந்த அம்மாவிடம், முதலில் தச்சு வேலை படித்துவிட்டு வாருங்கள் என்றது. ஒரு வாரத்துக்கும் மேல் இப்படியே போனது. ஜனவரி 28 அன்று செய்தி இணையமெங்கும் தீயாகப் பரவியது. அன்று இரவே குழு ஃபேஸ்டைமை அணைத்தார்கள். பிப்ரவரி 7 அன்று திருத்தம் வந்தது, மன்னிப்பும் கேட்டார்கள், பையனுக்குப் படிப்புச் செலவுக்கு உதவியும் தந்தார்கள். அந்த ஒரு வாரத்தில் வழு மாறவில்லை, அறிக்கையும் மாறவில்லை. சத்தத்தின் அளவு மட்டும்தான் மாறியது.

நம் பக்கத்து எழுத்து ஒன்றும் இப்படி உலகப் புகழ் பெற்றது. 2018 பிப்ரவரியில், 'ஜ்ஞா' போன்ற ஒரு தெலுங்குக் கோர்வையை அனுப்பினால் ஐபோனில் மெசேஜ் செயலி விழுந்தது. அறிவிப்பாக வந்தால் முகப்பே தள்ளாடியது. தெலுங்கில் ஞானம் என்ற சொல்லின் முதலெழுத்து அது. ஞானம் வந்ததும் போன் மூர்ச்சையாகிவிட்டது :-) பிப்ரவரி 19 அன்று 11.2.6 என்று தனிப் பதிப்பே வெளியிட்டுத் திருத்தினார்கள். செய்தி வெடித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தது. அந்த எழுத்து நியூயார்க்காரர் போனையும் கவிழ்த்தது, அதனால் வேகம். தெலுங்குக்காரர் பாட்டியின் பெயரை மட்டும் அது காணாமல் அடித்திருந்தால், அந்தப் பாட்டியின் பேரன் இன்றைக்கும் ரீசெட் செய்துகொண்டிருப்பான் என்பது என் சந்தேகம்.

பாதுகாப்பு ஓட்டை என்றால் கதை வேறு. அங்கே பணம் புழங்குகிறது. நம் தமிழ்நாட்டு லக்ஷ்மண் முத்தையாவைத் தெரிந்திருக்கும். 2015-ல் ஃபேஸ்புக்கில் யார் படத் தொகுப்பையும் அழிக்க முடிகிற ஓட்டையைச் சொன்னதற்கு 12,500 டாலர், 2019-ல் இன்ஸ்டாகிராம் கணக்கைக் கைப்பற்றும் வழியைச் சொன்னதற்கு 30,000 டாலர், 2021-ல் மைக்ரோசாஃப்டிடம் 50,000 டாலர் வாங்கியவர். அப்படிப்பட்டவரே 2020 ஜூலையில் ஐகிளவுட் கணக்கு பற்றி ஆப்பிளுக்கு ஓர் ஓட்டையைச் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார். அவர்கள் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு, பாதிப்பு ரொம்பச் சின்னது என்று சொல்லி 18,000 டாலர் நீட்டினார்கள். அவர் வேண்டாம் என்று மறுத்து, 2021 ஜூனில் நடந்ததை முழுக்க எழுதினார். விலை பேசும் நிலையில் உள்ளவரே இந்தப் பாடு பட்டால், தேடலில் பெயர் வரவில்லை என்று சொல்கிறவனுக்கு என்ன மரியாதை? கள்ளச்சந்தையில் ஸ்ரீக்கு விலை கிடையாது. எனவே கம்பெனியிலும் கிடையாது. நம் அரசின் செர்ட்-இன் இருக்கிறதே என்றால், அதுவும் பாதுகாப்பு ஓட்டைகளுக்குத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இந்த வட்டாரத்தில் இருந்துகொண்டு சொல்லாமல் விட்டால் என்னை நானே திட்டிக்கொள்வேன். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு கெட்டு, 250-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை தர வேண்டியதாயிற்று. பெண்கள் இரவோடு இரவாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. டிசம்பர் கடைசியில்தான், சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தங்கள் விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்று ஆலை மறுபடி திறந்தது. சோற்றையும் எழுத்தையும் ஒரே தராசில் வைக்கிறாயா என்று சண்டைக்கு வராதீர்கள், வைக்கவில்லை. உயிர் வேறு, எழுத்து வேறு. கண்ணாடியில் தூசி இருந்தால் பிடித்துவிடுகிற தணிக்கைக் கண்ணுக்கு, அந்தக் கண்ணாடியைத் துடைக்கிற பெண் தூங்குகிற இடம் தெரிய ஒரு மறியல் வேண்டியிருந்தது என்பதை மட்டும் பக்கத்தில் வைக்கிறேன்.

நான் கேட்பது என்ன? எல்லா வழுவையும் நாளைக்கே திருத்து என்று கேட்கவில்லை. சொன்னது பொதுவில் தெரியட்டும். மூடினால் ஏன் மூடினாய் என்று ஒரு மனிதர் ஒரு வரி எழுதட்டும். இதையெல்லாம் கம்பெனி தானாகச் செய்யும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கார்க்காரனும் தானாகச் செய்யவில்லை, 110ஏ வந்தது. சாஃப்ட்வேர் உரிமத்தில் 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி போட்டுவிட்டால் பொறுப்பு முடிந்தது என்கிற காலம் ஐரோப்பாவில் முடிந்துவருகிறது. 2024-ல் அங்கே நிறைவேறிய பொருள்பொறுப்பு நெறிமுறை சாஃப்ட்வேரையும் 'பொருள்' என்று சேர்த்துவிட்டது. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9-க்குள் அதைச் சட்டமாக்கக் கெடு. அதுகூட உயிர், உடைமை, தரவு நாசமானால்தான், தேடலில் பெயர் வராததற்கு இல்லை. ஆனாலும் கதவு திறக்கிறது. போன் செய்வதற்குச் சலுகை, மானியம், நிலம், தண்ணீர் எல்லாம் கொடுக்கிற நம் அரசுகள், செய்கிற போனில் நம் ஊர்ப் பெயரைத் தேடினால் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கேட்டால் என்ன குறைந்துபோகும்? புகாரைத் தமிழில் வாங்கு என்று இன்னொரு வரி?

அதுவரைக்கும் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவரவர் போனில் ஸ்ரீ என்று ஒரு பெயரைச் சேமியுங்கள். பிறகு மேலே நான் எழுதியிருக்கிற இரண்டு ஊர்ப் பெயரில் இரண்டாவதிலிருந்து ஶ்ரீயை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டித் தேடுங்கள். வரவில்லை என்றால் அவரவர் போன் கம்பெனிக்குப் புகார் எழுதுங்கள். தலைப்பில் 'தமிழ்' என்று போடாதீர்கள், 'மற்றவை'க்குள் போய் விழும். 'காண்டாக்ட் தேடல் வேலை செய்யவில்லை' என்று போடுங்கள். இரண்டு ஸ்ரீயையும் கடிதத்திலேயே ஒட்டி, 'தயவுசெய்து அடிக்காதீர்கள், வெட்டி ஒட்டிச் சோதியுங்கள்' என்று தடித்த எழுத்தில் முதல் வரியிலேயே எழுதுங்கள். வருகிற எண்ணைப் பின்னூட்டத்தில் போடுங்கள், எத்தனை பேர் சொன்னோம் என்று நாமாவது எண்ணி வைப்போம். பதின்மூன்றாம் நாள் மறக்காமல் 'இன்னும் இருக்கிறது' என்று ஒரு வரி அனுப்புங்கள், பதினான்காம் நாள் மூடிவிடுவார்கள். நட்சத்திரம் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.